பாதி வரைந்த பேலன்

நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸின் பின்படியில் ஜீவா தாவி ஏறினாள். அவளுடைய வலது செருப்பு வேலூர் பஸ் நிலையத்திலேயே தங்கிவிட்டது.

"ஏம்மா, உசிரு மேல ஆசை இல்லியா?" கண்டக்டர் கத்தினார்.

"ஆம்பூர் ஒண்ணு. எத்தினி மணிக்குப் போவும்?"

"போறப்ப போவும். செருப்பு ஒண்ணு கீழ கெடக்குதும்மா, விசில் குடுக்கட்டா?"

"வேணாம்ணா. நிறுத்தாதீங்க. நிறுத்தவே நிறுத்தாதீங்க."

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

மணி ஒன்று பத்து. வெள்ளிக்கிழமை.

ஜீவா கம்பியைப் பிடித்துக்கொண்டே அண்ணன் காசிக்கு மறுபடி போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் இரும்பு லாக்கருக்குள், காசியின் சட்டைக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே அது அடித்துக்கொண்டிருக்கும். மிஷினில் நிற்பவர்கள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அங்கே அது சட்டம்.

அடுத்து யாசிர். அவளும் அவனும் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் ஆட்கள் மொத்தமே இரண்டு பேர்தான். ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்பு சோல் கடைக்கு மேல் ஒற்றை அறை. யாசிர் எடுக்கவில்லை. ஜும்மா தொழுகையில் இருப்பான். தொழிற்சாலை முதலாளி இஷ்தியாக் அகமதுவின் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அவரும் அதே பள்ளிவாசலில்தான் இருப்பார். வெள்ளிக்கிழமை இந்த நேரத்தில் ஆம்பூரில் யாரையும் போனில் பிடிக்க முடியாது என்பது தெரிந்தும் அவள் விரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியாகத் தொழிற்சாலை கேட்டின் நம்பர். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ, கேட்டு."

"ரத்தினசாமி அண்ணா, நான் ஜீவா. காசி தங்கச்சி."

"ஆங், சொல்லும்மா. எல்லாரும் தொழுகைக்குப் போய்ட்டாங்க. ரெண்டே காலுக்குத்தான் மிஷின்."

"அண்ணன் எங்க?"

"கேன்டீன் பக்கம் சாப்டுனு இருப்பான். இன்னா விஷயம்?"

"அவன்கிட்ட போய் சொல்லுங்க. ரெண்டாம் நம்பர் மிஷினை ஓட்டக் கூடாது. நாங்க மாட்டின பொட்டி சரியில்ல. மஞ்சக் கம்பியை மறுபடி போடற வரைக்கும் தொடவே கூடாதுன்னு சொல்லுங்க."

"கேட்டை வுட்டுட்டு நான் எப்டிம்மா போறது? அவன் இந்தப் பக்கம் வந்தான்னா சொல்றேன்."

"வந்தா இல்லண்ணா! போய் சொல்லுங்க. அவன் கை போய்டும்!"

மறுமுனையில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா நீ, வெள்ளிக்கிழமை அதுவுமா... சரி. சொல்றேன்."

போன் வைக்கப்பட்டது. இரண்டேகாலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். பஸ் ஆம்பூர் போய்ச்சேர ஒரு மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஆட்டோவில் ஆறு நிமிடம்.

கணக்கு ஒரு நிமிடம் உதைத்தது.

*

ரத்தினசாமியிடம் அவள் சொன்ன 'பொட்டி' மூன்று வாரமாகச் சாமிங் மிஷினின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஊறிய தோலை இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் மிஷின் அது. அதில் வேலை செய்பவன் ஈரத்தோலை இரண்டு கையாலும் விரித்து, சுருக்கம் நீக்கி, உருளைகளின் வாய்வரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தோல் உள்ளே போகும். கை வெளியே வர வேண்டும். பதினான்கு வருஷமாகக் காசியின் கை வெளியே வந்துகொண்டிருந்தது. முதலாம் நம்பர் மிஷினில் நின்றவனுக்குப் போன வருஷம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மிஷின் வாய்க்குக் குறுக்கே மஞ்சள் கம்பி வந்தது. கை இடித்தால் மிஷின் நிற்கும். ஆனால் தடித்த தோல் இடித்தாலும் நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை நிற்கும். சூப்பர்வைசர் கத்துவார், ஆட்கள் சலித்துக்கொள்வார்கள்.

"எங்க பாப்பா இதுக்குன்னே ஒண்ணு பண்ணுது பாய்," என்று முதலாளியிடம் போய் நின்றவன் காசிதான். "கம்பியே வேணாம். காத்துலயே கையைக் கண்டுபுடிச்சு நிறுத்திடும். என்னமோ பலூனு."

பலூன் இல்லை, பேலன். தீப்பெட்டி அளவு பலகையில் நான்கு தாமிரக் கோடுகள். இரண்டிரண்டாக, நடுவில் தலைமுடி அகலத்துக்கு இடைவெளி விட்டு, ஒட்டி ஓடும். ஒரு பக்கம் நுண்ணலை உள்ளே வரும். மறுபக்கம் அது இரண்டாகப் பிரிந்து வெளியேறும். இரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஆனால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்க வேண்டும், நேர் எதிராக, நூற்றெண்பது டிகிரி. மிஷின் வாயின் இடதுபக்கம் ஓர் அலை போகும், வலதுபக்கம் ஒன்று. தோல் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி மூடுவதால் ஒன்றை மற்றது அடித்துவிடும், மிச்சம் பூஜ்யம். ஒரு பக்கம் மட்டும் ஒரு கை வந்தால் பூஜ்யம் கலையும். பெட்டி மிஷினை நிறுத்தும்.

பேலன் சரியாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

பேலனைக் கம்ப்யூட்டரில் வரைந்தது ஜீவா. முழுப் படத்தையும் கணக்கிட்டுப் பார்க்க அவளுடைய லேப்டாப்புக்குப் பத்தொன்பது மணி நேரம் ஆனது. ஆம்பூரில் பத்தொன்பது மணி நேரம் கரன்ட் போகாமல் இருந்தால் அது செய்தி. மூன்று முறை பாதியில் நின்றது. நான்காவது முறை அவள் ஒரு குறுக்குவழி எடுத்தாள். படம் பார்ப்பதற்கு இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தது. எனவே பாதியை மட்டும் வரைந்து, நடுவில் ஒரு கற்பனைச் சுவரை வைத்து, 'மறுபாதி இதன் பிரதிபிம்பம், நீயே போட்டுக்கொள்' என்று சொல்லிவிட்டாள். மென்பொருளில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. டிக் அடித்தால் போதும். நான்கு மணி நேரத்தில் விடை வந்தது.

நூற்றெண்பது. சரியாக நூற்றெண்பது.

"ஒரு புள்ளிகூட பிசகலையா?" என்று அப்போதே கேட்டவர் வேலூர்க் கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ளும் பிரிசில்லா மேடம். "எனக்கு இப்படி வந்தா சந்தோஷப்பட மாட்டேன்மா, பயப்படுவேன்."

ஜீவா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய சாட்சி அவளிடம் இருந்தது. சோதனை முடியும்வரை மஞ்சள் கம்பியும் மிஷினில் இருந்தது; பெட்டி மாட்டிய நாளிலிருந்து காசி தினமும் ஒரு தாளில் குறித்துவந்தான். 'பெட்டி சும்மா நிறுத்தியது எத்தனை முறை' என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் பூஜ்யம். பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் 'சரி'. வீட்டுக்கு வந்தால் சோற்றில் கை வைப்பதற்கு முன்பே சொல்வான்.

"பாப்பா, உன் பலூன் இருக்குதே, ராஜா மாதிரி ஒக்காந்துனு இருக்குது. பச்சை லைட்டு. ஒரு தொல்லை இல்ல."

அந்தத் தாளை நம்பி, நேற்று வியாழக்கிழமை ஜீவா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். 'சோதனை முடிந்தது. மஞ்சள் கம்பியை அகற்றலாம்.' இன்று தொழுகை முடிந்ததும் கம்பியில்லாமல் முதல் ஓட்டம்.

இன்று காலை அவள் வேலூருக்கு வந்தது வேறு வேலையாக. அடுத்த மிஷின்களுக்கான புதுப் பலகைகள் வந்திருந்தன. கல்லூரியில் இருந்த பெரிய அளவுக்கருவி இன்றுதான் காலியாகக் கிடைத்தது. இத்தனை நாளும் சின்னக் கருவியில் உள்ளே போவதை மட்டும் அளந்திருந்தவள், முதல்முறையாக வெளியே வரும் இரண்டையும் ஒன்றாக மாட்டினாள். ஒப்பிட்டுப் பார்க்க, மிஷினில் மாட்டியதோடு சேர்ந்து வந்த பழைய பலகைகளில் ஒன்றைத்தான் முதலில் எடுத்தாள்.

நூற்று அறுபத்தொன்று.

ஒயரை மாற்றினாள். மறுபடியும் நூற்று அறுபத்தொன்று. ஒரு பக்கம் பலமாக, மறுபக்கம் நோஞ்சானாக வந்தது.

பிரிசில்லா மேடம் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து லேப்டாப்பில் இருந்த படத்தைப் பார்த்தார். அப்புறம் விரலால் ஒரு முனையைத் தொட்டார்.

"சிக்னல் உள்ள வர்றது இந்தப் பக்கம் மட்டும்தானே? அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேம். கோடு முடிஞ்சிடும்."

"ஒரு பக்கம் வாசல். ஒரு பக்கம் முட்டுச்சந்து. ரெண்டும் ஒண்ணுன்னு எப்படி நீ கம்ப்யூட்டர்கிட்ட சொன்னே?"

நடுவில் அந்தச் சுவரை வைத்த கணமே இரண்டும் நேர் எதிர் என்று அவளே சொல்லிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னதைத்தான் கம்ப்யூட்டர் திருப்பிச் சொன்னது. நான்கு மணி நேரம் காத்திருந்து, தன் வாயிலிருந்து போனதையே விடை என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சமமில்லாத பேலன் இரண்டு விதமாகத்தான் தப்பு செய்யும். கையே வராமல் சும்மா சும்மா மிஷினை நிறுத்தும். இல்லையென்றால், கை வந்தாலும் கண்டுகொள்ளாது.

மூன்று வாரத்தில் பெட்டி ஒரு தடவைகூடச் சும்மா நிறுத்தவில்லை. காசியின் தாள் அப்படித்தான் சொல்கிறது.

அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. பெட்டி குருடு.

அவள் பையைக்கூட எடுக்காமல் ஓடியது அப்போதுதான்.

*

பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஏழு நிமிடம் போனது. முன்னால் ஒரு லாரிக்காரன் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். ஜீவா எழுந்து டிரைவர் அருகே போனாள்.

"அண்ணா, பக்கத்து வரிசையில போகக் கூடாதா?"

"போலாம். பஸ்ஸைத் தலைல தூக்கினு போலாம்."

யாரோ சிரித்தார்கள். அவள் வெறும் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மாதனூர் தாண்டும்போது மணி இரண்டு எட்டு. எதிர்த் திசையில் ஒரு வெள்ளை வேன், பட்டப்பகலில் ஹெட்லைட் எரிய, ஹாரனை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வேலூர் பக்கம் பறந்தது. பக்கத்துச் சீட்டுக்காரம்மா மடியில் இருந்த முருங்கைக்கீரைக் கட்டை அணைத்துக்கொண்டு, "யாருக்கு இன்னா பேஜாரோ," என்றாள்.

ஜீவா அந்த வேனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆம்பூரில் இன்னும் யாரும் போனை எடுக்கவில்லை; அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்தது. மிஷினை ஒரு கால் மணி நேரம் தாமதமாக ஓட்டினால் பிடித்துவிடலாம்.

*

தொழிற்சாலை கேட்டில் ரத்தினசாமி நின்றுகொண்டிருந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"சொன்னீங்களாண்ணா? சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேம்மா."

"அப்போ மிஷின் ஓடலல்ல?"

அவர் உள்ளே கையைக் காட்டினார். ஜீவா ஓடினாள். மிஷின் கொட்டகையில் எந்தச் சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு அங்கே அவ்வளவு அமைதி இருக்கக் கூடாது. இரண்டாம் நம்பர் மிஷினின் உருளைகள் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தன. தோல் ஒன்று பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. சிமென்ட் தரையில் யாரோ இரண்டு வாளி தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். ஓரத்துக் கால்வாயில் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

மிஷின் தலையில் அவளுடைய பெட்டி உட்கார்ந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாசிர் சுவரோரம் குந்தியிருந்தான். தொழுகைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கறை.

"லோடு லாரி சீக்கிரம் வந்துச்சுன்னு முதலாளி அரை மணி முன்னாடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டாரு, ஜீவா. ஒண்ணேமுக்காலுக்கு. நான் வந்து சேர்றதுக்குள்ள... இடது கை. மணிக்கட்டு வரைக்கும். வேன்ல வேலூர் எடுத்துனு போய்ட்டாங்க. கூட வேலை செய்ற வாஹித் பாஷாவும் போயிருக்காரு."

வெள்ளை வேன். ஜீவா மிஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தினசாமி அண்ணன் சொல்லலியா?"

"முதலாளி முன்னாடியேதான் சொன்னாராம். 'உன் தங்கச்சி போன் பண்ணுச்சுப்பா, பொட்டி சரியில்லையாம், ஓட்டாதேங்குது'ன்னு. முதலாளி காசி அண்ணனைப் பாத்தாராம். அண்ணன் சிரிச்சாராம்."

"சிரிச்சானா?"

"'அது எப்பவும் பயந்தாங்கொள்ளி பாய். பொட்டி மூணு வாரமா நல்லாத்தானே ஓடுது, நீங்களே தாளைப் பாத்தீங்கல்ல'ன்னு சொல்லிட்டு ஸ்விட்சைப் போட்டாராம்."

ஜீவா கீழே உட்கார்ந்தாள். ஈரத்தரை என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தங்கை போன் செய்து ஓட்டாதே என்கிறாள். அண்ணன் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறான். அதற்கு ஒரே ஒரு காரணம்தான் அவளுக்குத் தோன்றியது. அவள் செய்ததை அவன் அவ்வளவு நம்பியிருக்கிறான். அவளே சொன்னபோதும் நம்ப மறுக்கும் அளவுக்கு.

"என் தப்பு, யாசிர்," என்றாள். "பாதிதான் வரைஞ்சேன். பாதியை மட்டும் வரைஞ்சு முழுசுன்னு குடுத்துட்டேன்."

*

சனிக்கிழமை காலை பத்தரை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி வார்டு.

காசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே வெள்ளையாக உருண்டு, சட்டென்று முடிந்தது. அந்த இடத்தைப் பார்க்காமல் அவன் முகத்தை மட்டும் பார்க்க ஜீவா முயன்றாள். முடியவில்லை.

"ண்ணா."

"வா பாப்பா. செருப்பு புதுசா?"

"ம்."

"ரெண்டு காலுக்கும் வாங்கினியா? யாசிர் சொன்னான், ஒத்தச் செருப்போட வந்தியாமே." அவன் சிரிக்கப் பார்த்தான். "பரவால்ல, நமக்கு இனிமே ஜோடி கணக்கே கம்மி. எனக்குக் கிளவுஸு வாங்கினா ஒண்ணு உனுக்கு."

"அப்டிப் பேசாதண்ணா."

"வேற எப்டிப் பேசறது? சொல்லு. பேசறேன்."

ஜீவா கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"முதலாளி கீழ லிஃப்டுக்கு நிக்கிறாரு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு அவரு ஒரு ஃபாரம் அனுப்பணும். விபத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. அதுல 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு போட்டு வெச்சிருக்காங்க. அப்டிப் போனா உன்னை மறுபடி உள்ள சேக்கவே மாட்டாங்க, கேட்டுல ஒக்கார்ற வேலைக்குக்கூட. நான் எழுதிட்டேன். பொட்டி குருடு, வரைஞ்சதுல தப்பு, கம்பியை எடுக்கச் சொன்னது நான், எல்லாத்தையும் எழுதிட்டேன்."

காசியின் முகம் மாறியது. வலி வந்தது போல இல்லை. மாட்டிக்கொண்டவன் முகம்.

"குடுக்காத."

"ஏன்?"

"வேணாம் பாப்பா. கவனக்குறைவுதான். என் கவனக்குறைவுதான். அப்டியே போட்டுக்கட்டும்."

"பதினாலு வருஷம் நின்ன மிஷின்ல உனக்கென்ன கவனக்குறைவு? எனக்காகப் பொய் சொல்லாதண்ணா. உன் கையை எடுத்தது நான்."

"ஏய்!" அடுத்த கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அப்டிச் சொல்லாத. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு வூட்டுக்குப் போ. அந்தப் பொட்டியைக் கழட்டிக் கொண்டாந்து போட்டுடு. யாரும் அதைத் திறந்து பாக்கறதுக்குள்ள. யாசிரை அனுப்பு. இன்னிக்கே."

"யாராச்சும் திறந்து பாத்தா என்னண்ணா? அதுல என்ன இருக்குது?"

காசி மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அழுகிற அண்ணனை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். வாஹித் பாஷா. மிஷினின் மறுபக்கத்தில் நின்று, பிழிந்து வரும் தோலை வாங்குகிறவர். காசியோடு பதினான்கு வருஷம் ஒரே மிஷினில் எதிரெதிராக நின்றவர். நேற்றிலிருந்து அதே லுங்கியில் இருந்தார்.

"வெளிய வாம்மா."

மாடிப்படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாஹித் பாஷா ஜன்னலோரம் ஒதுங்கி, கையில் இருந்த பிளாஸ்டிக் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்னால் காசியின் மேலிருந்து கழற்றிய துணிகளை ஆஸ்பத்திரியில் அந்தப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"அவன் என்கிட்ட சத்தியம் வாங்கினு இருக்கான். உனக்குத் தெரியவே கூடாதுன்னு. ஆனா நீ அந்த லெட்டரைக் குடுத்தா அவங்க பொட்டியைத் திறப்பாங்க. அப்போ தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும்." அவர் பைக்குள் கையை விட்டார். "பாக்கெட்டுல வெச்சினே திரிஞ்சான், மூணு வாரமா."

அவர் உள்ளங்கையில் ஒரு சின்னக் கறுப்பு பிளக். நறுக்கிய ஒயர் வால் ஒன்று தொங்கியது. பிளக்கைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் நீல மையில் ஜீவாவின் கையெழுத்து. 'ஸ்டாப் ஒயர். கழற்றாதீர்கள்.'

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"இது பெட்டியிலேர்ந்து மிஷினுக்குப் போறது. இது எப்டி அண்ணன் பாக்கெட்டுல?"

"மொத நாளே மிஷின் சும்மா சும்மா நின்னுச்சும்மா. கையே வெக்காம நின்னுச்சு. தோலைக் காட்டினா நிக்கும். எடுத்தா ஓடும். நாங்க எண்ணினோம், மத்தியானத்துக்குள்ள அம்பத்திரண்டு வாட்டி. சூப்பர்வைசர் அன்னிக்கு லீவு. இல்லாட்டி அன்னிக்கே பொட்டி குப்பைக்குப் போயிருக்கும். ரெண்டாவது நாள் காலைல இவன் சீக்கிரமே வந்து இதை நறுக்கிட்டான். ஒயர் இல்லாட்டியும் மிஷின் ஓடறதுக்கு, மிஷின் பக்கம் ஒரு செப்புக்கம்பியை முறுக்கி வெச்சிட்டான். நான் திட்டினேன். 'பாப்பா மொத மொத செஞ்சது பாய், பேரு கெட்டுப்போவும். புது போர்டு வருதுன்னு சொல்லுது. அது வந்ததும் நானே சத்தமில்லாம மாட்டிடறேன். அதுவரைக்கும் என் கண்ணு இருக்குதுல்ல'ன்னான்."

ஜீவா பிளக்கை வாங்கிக்கொண்டாள். அது அவரது உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது.

இருபது நாள். இருபது பூஜ்யம். இருபது 'சரி'. முதல் நாளே அந்தக் கட்டத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தால், அன்று மாலையே அவள் படத்தைத் திறந்து பார்த்திருப்பாள்.

லிஃப்ட் திறந்தது. இஷ்தியாக் அகமது வெளியே வந்து, வார்டு எந்தப் பக்கம் என்று ஒரு நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் அந்த ஃபாரம்.

"பெட்டி கையைப் பாக்கலன்னு நினைச்சேன்," என்றாள் ஜீவா. "குருடுன்னு நினைச்சேன், பாய்."

"எந்தப் பொட்டிம்மா? மூணு வாரமா அந்த மிஷின்ல பொட்டியே இல்ல. பச்சை லைட்டு மட்டும்தான் இருந்துச்சு."

"இந்த ஒயர் இருந்திருந்தா?"

வாஹித் பாஷா வார்டு கதவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இருந்திருந்தா, நேத்து அவன் தோலை வாய்கிட்ட கொண்டுபோன உடனே மிஷின் நின்னிருக்கும்மா. மொத நாள் நின்ன மாதிரியே."